எட்டுக் கட்டம்

நேற்று எண்ணியபோது நான்கு கட்டங்கள்தான் ஒத்துப்போயின. இன்று ஐந்து.

ருஹியாத் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார். பிற்பகல் மூன்றரை மணிக்கே பண்டுங் நகரத்தின் வானம் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. தகரக் கூரையில் மழை ஒவ்வொரு சொட்டாக இடம் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. எதிரே பஜ்ஜிக்கடைக்காரி ஓனியின் எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி பொரியும் சத்தமும், ஈரச் சுவரின் வாசனையும், எங்கோ யாரோ புகைக்கும் கிராம்புச் சிகரெட்டின் இனிப்பும் ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தன. இவற்றுக்கெல்லாம் அடியில், டேப் ரெக்கார்டருக்குள், ஒரு பெண் வாயைத் திறக்காமல் ம்… ம்… என்று பாடிக்கொண்டிருந்தாள். முதல் நான்கு கட்டங்கள் அவருடைய பாட்டேதான். ஐந்தாவதில் அவள் வேறு பக்கம் திரும்பிப் போயிருக்க வேண்டும். நேற்று போனாள். இன்று போகவில்லை.

இங்கே பாட்டை எண்ணில்தான் எழுதுவார்கள். ஒன்று என்றால் ஸ, இரண்டு என்றால் ரி, இப்படியே ஏழு வரைக்கும். பூஜ்யம் என்றால் சத்தமில்லை. நாலு எண்ணுக்கு ஒரு முறை செங்குத்தாகக் கோடு கிழிப்பார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம். இரண்டு பாட்டில் எட்டுக் கட்டம் ஒன்றாக இருந்தால் அது திருட்டு, ஏழு வரைக்கும் தற்செயல். இதை ருஹியாத்துக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பது வருடம் கல்யாண மேடைகளில் ஆர்கன் வாசித்தவர் அவர். மேடைக்குப் பின்னால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வாத்தியக்காரர்கள் பேசிப் பேசி அது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

அவருடைய பாட்டு மொத்தமே எட்டுக் கட்டம்தான். அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும். 'கொடித்துணி' என்று பெயர். மனைவி இமாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு வாரத்தில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதியது. இமாஸ் போன நாற்பதாம் நாள் அதைப் பதிவு செய்தார். இசை யார் என்று கேட்ட இடத்தில் தன் பெயரை எழுதவில்லை, இமாஸ் என்று எழுதினார். அவள் வாழ்நாளில் ஒரு வரி இசை எழுதியதில்லை. அதனால் என்ன? அந்தப் பாட்டு அப்புறம் ஒவ்வொருவர் கைபேசியிலும், ஒவ்வொரு வேனிலும், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒலித்தது. கல்லறைக் கல்லைத் தவிர அவள் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான்.

இப்போது பக்கத்து ஊர் காருட்டிலிருந்து ஒரு குடும்பம் அந்தப் பெயரை அழிக்கச் சொல்கிறது. பாட்டு எங்கள் அத்தை ஆத்திக்காவுடையது, எண்பத்தெட்டில் செத்துப்போனவள், இதோ அவள் பாடிவைத்த கேசட் என்று ஒரு பிரதியை அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை சமரசக் கூட்டம். அன்று திங்கள்.

வக்கீல் ரோஸ்பிட்டாவுக்குப் போன் போட்டார். இங்கே மரியாதைக்குப் பெண்ணை இபு என்பார்கள், ஆணைப் பாக் என்பார்கள்.

"இபு, அஞ்சு ஆயிடுச்சு."

"எது அஞ்சு?"

"கட்டம். நேத்து நாலுதான் ஒத்துப்போச்சு."

ரோஸ்பிட்டா பத்தாக் இனத்துப் பெண். நலம் விசாரித்தாலே அதட்டுவது போலத்தான் இருக்கும். "பாக் ருஹியாத், எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? எட்டுக் கட்டம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஆர்கன்காரங்க எல்லாம் சேர்ந்து தனியா சட்டப் புஸ்தகம் போட்டு வச்சிருக்கீங்களா? கல்யாண வீட்டுல கோழிக்கால் யாருக்குன்னும் அதுல போட்டிருக்கா?"

"எல்லாரும் சொல்றதுதான இபு…"

"எல்லாரும் சொல்லட்டும். அதே கேசட் என்கிட்டயும் இருக்கு. நான் கேட்டேன், நாலுதான். உங்க மெஷினு பழசு, பெல்ட்டு தளர்ந்துபோயிருக்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரியில எழுதினீங்களே ஒரு சீட்டு, அதை அப்படியே கவர்ல போட்டு அனுப்புங்க. ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாது. உங்க சம்சாரம் பேரைக் காப்பாத்தப்போறது அந்தச் சீட்டுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது இபு."

புரிந்தது. ஆனால் அனுப்பவில்லை. எண்கள் எட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது சீட்டைக் கையை விட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஆறு.

அந்த டேப் ரெக்கார்டர் இமாஸுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்துப் பெண்களை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பாளே, அதற்கு வாங்கியது. மெஷின் மேல் குற்றமா என்று பார்க்க, ருஹியாத் ஆர்கனைத் திறந்து, ஒரு கட்டம் டேப்பைக் கேட்பதும் ஒரு கட்டம் வாசிப்பதுமாக உட்கார்ந்தார். சுருதி விலகவில்லை, வேகம் தளரவில்லை. ஐந்தாவது கட்டத்தின் கடைசியில் அந்தப் பெண் மூச்சை இழுக்கும் இடம்கூட, அவர் சீட்டில் சின்னதாக ஒரு கமா போட்டிருந்த இடம்தான். அந்தக் கமா பதிப்பித்த பாட்டில் கிடையாது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஜன்னலில் நிழல் விழுந்தது. ஓனி, கையில் தாளில் சுருட்டிய நாலு பஜ்ஜியோடு.

"பாக் ருஹி, பாட்டு மழையா? மூணு நாளா ஒரே பாட்டு. என் எண்ணெய்ச் சட்டியே மனப்பாடமா பாடுது."

"கேக்குதா உனக்கு? அந்தப் பொம்பளை பாடுறது?"

"பொம்பளையா?" ஓனி காதைச் சாய்த்தாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது, ருஹியாத்துக்கு மூன்றாவது கட்டம் தெளிவாகக் கேட்டது. "கரகரன்னு இருக்கு. நீங்க முணுமுணுக்கிறதுதான் கேக்குது. சாப்பிட்டீங்களா முதல்ல? மூஞ்சியப் பாருங்க, கசக்கிப் போட்ட துணியாட்டம். தனியா உக்காந்து உக்காந்து ஒருநாள் இந்த நாற்காலியாவே ஆயிடப்போறீங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ருஹியாத்துக்கு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவர் பஜ்ஜியை மேசை ஓரத்தில் வைத்தார்.

பிறகு பென்சிலை எடுத்தார். செய்யக்கூடாது என்று தெரியும். அந்தப் பெண் தன் பாட்டை நோக்கி வருகிறாள் என்றால், தான் பாட்டை நகர்த்திவிட்டால் போயிற்று என்று தோன்றியது, அவ்வளவுதான். ஐந்தாவது கட்டம் 6 6 5 3. கடைசி 3-ஐ ரப்பரால் துடைத்து 2 என்று எழுதினார். ஒரு எண் மாறினால் அந்தக் கட்டம் கணக்கில் வராது. அப்படியானால் ஐந்துதான்.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, பொத்தானை அழுத்தினார்.

அவள் இரண்டு பாடினாள்.

கூரையில் மழை தடித்தது. சுவரில் பல்லி ஒன்று நாலு முறை உச்சுக்கொட்டி நிறுத்தியது. மறுபடி துடைத்தார். 4 என்று எழுதினார். பின்னுக்கு ஓட்டி அழுத்தினார். அவள் நாலு பாடினாள். கொஞ்சம்கூடத் தயங்காமல், முப்பது வருடமாக அப்படித்தான் பாடிவருகிறவள் போல நாலு பாடி, கமா இருந்த இடத்தில் மூச்சிழுத்து, ஆறாவதுக்குப் போனாள். ஆறாவதை முடித்து ஏழாவதுக்குள்ளும் அவருடைய வழியிலேயே காலெடுத்து வைத்தாள்.

ரோஸ்பிட்டாவுக்கு மறுபடி போன் செய்தார். உங்கள் பிரதியை ஒரு முறை கேளுங்கள் என்று கெஞ்சினார். அவள் அலுத்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்தாள். "நாலு. நேத்தும் நாலு, இன்னிக்கும் நாலு, வியாழக்கிழமையும் நாலு. சீட்டு எங்க பாக்?"

"அனுப்பறேன்."

"குரல் ஏன் இப்படி இருக்கு? வீட்டுல கூட யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். போனை வைத்தார்.

புதன்கிழமை ஏழு.

அன்று மழை மதியத்திலேயே தொடங்கிவிட்டது. ருஹியாத் விளக்கைப் போடாமல் சீட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டாவது கட்டம் ஒன்றுதான் மிச்சம். அதை முழுக்க அழித்துவிட்டு, யாரும் எந்தக் காலத்திலும் பாட மாட்டார்கள் என்று நினைத்த ஒன்றை எழுதினார்: 7 7 7 7. காதருகே கொசு பறப்பது போன்ற, எங்கும் போய்ச்சேராத, அபத்தமான ஒரு கட்டம். உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

ஏழு கட்டங்களும் அவருடையவை. எட்டாவதில் அந்தக் குரல் நி, நி, நி என்று இழுத்தது. நாலாவதை முடிக்கவில்லை. சிரித்துவிட்டது.

மூக்கு வழியாக, அடக்க முடியாமல், கடைசியில் சின்னதாக ஒரு குமிழ் உடைகிற மாதிரி. அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

"இமாஸ்?"

பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் பயப்படவில்லை. சந்தோஷம் வந்தது, வெட்கமில்லாத, கண்ணில் நீர் முட்டுகிற சந்தோஷம். அவர் துடைத்துத் துடைத்து எழுதினார். பழைய மேடைத் துண்டுகள், அவள் துணி துவைக்கும்போது பாடுவது, அவளைக் கேலி செய்ய அவர் ஒரு காலத்தில் வாசித்த கிறுக்கு மெட்டுகள். எதை எழுதினாலும் பொத்தானை அழுத்தியதும் அவள் பாடினாள். ரப்பர் துகள் மேசையெங்கும் சிதறியது. சீட்டின் தாள் தேய்ந்து, பின்பக்கத்து மருந்துப் பெயர்கள் இந்தப் பக்கம் தெரிய ஆரம்பித்தன. வராந்தா பெஞ்சில் எழுதிய எண்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாளைக்கு அவள் பெயரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சி போய்விட்டது என்பது அவருக்கு உறைத்தது. அதனால் என்ன, அவளே இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக வீட்டில் இன்னொருத்தர் இருந்தார்.

ஐந்து மணி சுமாருக்கு அவள் பாட்டுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். அவள் காப்பி கலக்குகிறாள் என்று நினைத்தார். அவள் பாடிக்கொண்டேயிருக்க, நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ உட்கார்ந்தார்கள். தொண்டையைச் செருமினார்கள்.

நீளமாக ஒரு செருமல். சின்னதாக ஒன்று. அப்புறம் பாதியில் விட்டது ஒன்று.

ருஹியாத் தன் தொண்டையில் கைவைத்துப் பார்த்தார். அவர் செருமவில்லை. ஆனால் அவர் செருமினால் அப்படித்தான் செருமுவார். டேப்பில் அந்த ஆள் காப்பியை உறிஞ்சினார். அவள் பாட்டை நிறுத்தி அவரிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆண் சிரிப்பு ருஹியாத்தின் சிரிப்பு. அவர் சிரித்து வெகுநாளாயிற்று, அதனால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது.

தன் மனைவி தன்னைப் போன்ற எதனோடோ, இதே மாதிரி ஒரு வீட்டில், இதே மாதிரி ஒரு மழையில் உட்கார்ந்திருக்கிறாள். அது தானில்லை. அவளுக்கு அது தெரியவில்லை. பொத்தானை அமுக்கி நிறுத்தினார். சிரிப்பு நிற்கவில்லை. கேசட்டின் சக்கரங்கள் நின்றுவிட்டன, சிரிப்பு மட்டும் ஓடியது. மின்கம்பியைப் பிடுங்கினார். அதற்கும் நிற்கவில்லை.

எழுதியதை அது பாடும். எழுதியதைத்தானே பாடும்?

பென்சிலை எடுத்தார். சீட்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். முதல் கட்டத்தில் நாலு பூஜ்யம் போட்டார். 0 0 0 0. கோடு. இரண்டாவதில் நாலு. கோடு. மூன்றாவது எழுதும்போது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. ஒலிபெருக்கியின் குரல் மழையில் நனைந்து நனைந்து வந்தது. டேப்பில் அந்த ஆளின் செருப்பு தரையில் தேய்ந்தது. ஐந்து. ஆறு. ஏழு. பென்சில் முனை தாளைக் கிழித்தது. எட்டு. கடைசிப் பூஜ்யத்தை வளைத்து மூடினார்.

சிரிப்பு நின்றது.

ருஹியாத் நாற்காலியில் சாய்ந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

மூச்சு கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தமில்லை. பாங்கு பாதியில் இருக்க வேண்டும். இல்லை. எதிர்க் கடையில் ஓனி சட்டிக்குப் பின்னால் நின்று யாரையோ பார்த்து வாய் நிறையக் கத்திக்கொண்டிருந்தாள். எண்ணெய் நுரைத்தது. அவள் வாய் திறந்து திறந்து மூடியது.

ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினார். ஒன்றுமில்லை. மேசையை அறைந்தார். உள்ளங்கை எரிந்தது. இமாஸ் என்று கூப்பிட்டார். தொண்டை நடுங்கியது, நாக்கு அசைந்தது, உதடுகள் சேர்ந்து பிரிந்தன.

ஒன்றுமே இல்லை.

பென்சில் உருண்டு விழுந்திருந்தது. குனிந்து தேடினார். கிடைத்தது. பூஜ்யத்தை அழிக்கத் தேய்த்தார். ரப்பர் பட்ட இடத்தில் தாள் பொத்துக்கொண்டது. எழுத இடமில்லை. எட்டுக் கட்டமும் ஓட்டை.

அப்போது டேப் ரெக்கார்டரிலிருந்து மழை பெய்தது.

தகரக் கூரை மேல். பலமாக. அதன் பின்னால் பாங்கு. எண்ணெய் பொரிகிறது. ஓனியின் குரல், சட்டினி கொண்டு வா என்று யாரையோ அதட்டுகிறது. பிறகு ஆர்கனில் ஒரே ஒரு சுரம். பிறகு மேசையில் ஒரு அறை. பிறகு அவர் குரல், அவருடைய சொந்தக் குரல், இந்த நிமிடம் அவர் தொண்டையிலிருந்து போனது: "இமாஸ்."

"என்ன காங்?" என்றாள் இமாஸ்.

அவளுடைய குரல்தான், கணவனைக் காங் என்று கூப்பிடுகிற குரல். ஆஸ்பத்திரிக்கு முந்தைய குரல். ருஹியாத் ஸ்பீக்கரின் கம்பிவலை மேல் முகத்தை வைத்து அழுத்தினார். இமாஸ், நான் இங்கே இருக்கிறேன், அது நானில்லை, இமாஸ். வாய் வலிக்கக் கத்தினார். இரண்டு கைகளாலும் மேசையைக் குத்தினார்.

உள்ளே தொலைவில் குத்துச் சத்தம் கேட்டது. டம், டம், டம்.

"அய்யோ, என்ன காங் அது? யாரோ தட்டுற மாதிரி இருக்கே."

"எங்க?" என்றது அவர் குரல்.

"வெளியில. யாரோ அழற மாதிரியும் இருக்கு. போய்ப் பாருங்களேன், பாவம்."

நாற்காலி நகர்ந்தது. செருப்புகள் தேய்ந்தன. இந்தப் பக்கம் வந்தன. இன்னும் கிட்டே. வலைக்கு அந்தப் பக்கம் நின்றன. ருஹியாத் தன் கன்னத்தில் வெதுவெதுப்பான ஒரு மூச்சை உணர்ந்தார். அதில் காப்பி வாசனை இருந்தது. குத்துவதை நிறுத்தினார். அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிதானமாக, வெகுநேரம்.

தொண்டையைச் செருமியது.

"யாருமில்ல இமாஸ்," என்றது அவர் குரல். "மழைதான்."

தாழ்ப்பாள் விழுந்தது.